மூலைக் கம்பம்

"உடைச்சீங்க, சரி. தப்பு எங்கேன்னு சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

பட்டறை நடத்தும் கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டாள். சுத்தியலை மேஜை மேல் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பாதி இரும்பு மேஜையோரத்து வைஸ் இடுக்கியின் பிடியில் நின்றது. மறுபாதி தரையில் கிடந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து அவர் வெல்டிங் வைத்து ஒட்டிய இரண்டு பட்டைகள் அவை. ஒட்டு மேலே மீன் செதில் அடுக்கியதுபோல வரிவரியாக வந்திருந்தது. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்று நம்பித்தான் அதை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கினாள், வைஸில் இறுக்கினாள், ஒரே அடி.

தனிஸ்லாஸ் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எவ்வளவு மோசமான விடைத்தாளையும் அவர் கிழித்ததில்லை. தப்பான வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவார், பக்கத்தில் சரியான வரியை எழுதுவார். வாத்தியார் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். அறுபத்தொரு வயதில், தன்னைவிட இருபது வயதுக்கு மேல் இளைய ஒருத்தி முன்னால் காது சூடேற நின்றார்.

"எடுத்துப் பாருங்க சார்" என்றார் ரெங்கராஜ்.

கோகிலவாணியின் கணவர். பட்டறை வாசலில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கதவுச் சட்டம் ஒன்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கால் மடங்காது. நீட்டியபடியேதான் இருக்கும்.

தனிஸ்லாஸ் குனிந்து எடுத்தார். உடைந்த விளிம்பைப் பார்த்தார். மேலே ஒரு நூல் கனத்துக்குத்தான் இரும்பு இரும்போடு கலந்திருந்தது. அதற்குக் கீழே கரிக்கசடு. கசடுக்கும் கீழே, அவர் காலையில் ரம்பத்தால் அறுத்த கோடுகள் அப்படியே இருந்தன. நெருப்பு அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

"அத்திப்பழம்" என்றார் ரெங்கராஜ், பிரஷை நிறுத்தாமல். "பிட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

*

தனிஸ்லாஸ் அங்கே வந்து சேர்ந்தது ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டால்.

ஓய்வு பெற்ற பிறகு பகல் நீண்டுபோயிற்று. மனைவி இறந்த பிறகு இன்னும் நீண்டது. மகள் ஜெசிந்தா ஓசூரில் இருந்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று அவர் ஒரு சின்ன வெல்டிங் மிஷின் வாங்கினார். கார் நிறுத்தாத கார் ஷெட்டில் அதை வைத்து, செல்போனில் பார்த்துப் பார்த்து ஒரு ஸ்டாண்ட் செய்தார். எட்டுத் தொட்டிகளை அடுக்கினார். மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றும்போது ஸ்டாண்ட் மண்டியிட்டு உட்கார்ந்தது. தொட்டி ஒன்று அவருடைய கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

நகம் கறுத்த காலோடு துவாக்குடிக்குப் பைப் வாங்கப் போனவர், வழியில் ஒரு பட்டறையில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து வெல்டிங் வைப்பதைப் பார்த்தார். சுற்றி நின்ற ஆண்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டு, சட்டங்களைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பைப்பை மறந்துவிட்டு அரை மணி நேரம் நின்றார்.

மறுநாள் போய்க் கற்றுக்கொடுக்கச் சொன்னார். நேரமில்லை என்றாள். அடுத்த நாளும் போனார். அதற்கு அடுத்த நாளும். ஆறாவது நாள் அவள் ஒரு கம்பி பிரஷைக் கையில் கொடுத்து, மூலையில் கிடந்த துருப்பிடித்த பைப்புகளைக் காட்டினாள்.

"வெள்ளி மாதிரி வரணும்" என்றாள்.

சாயங்காலம் வரை தேய்த்தார். போதும் என்று அவர் நினைத்தபோது அவள் வந்து பார்த்தாள். ஒரு பைப்பைத் திருப்பித் துருவைக் காட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் தேய்த்தார்.

பட்டறையில் எல்லோரும் அக்கா என்றார்கள். அவரால் முடியவில்லை. அம்மா என்றால் அவள் சிரிப்பாள் போலிருந்தது. மாஸ்டர் என்று கூப்பிட்டார். அவள் மறுக்கவில்லை.

*

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எத்தனை மில்லி கனத்துக்கு எத்தனை ஆம்பியர், எந்த வெல்டிங் ராடு, என்ன கோணம் என்று கேட்டு எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் நாளே ஒன்று முதல் இருபது வரை எண் போட்டு வைத்திருந்தார்.

கேள்விகளுக்கு அவள் நேராகப் பதில் சொன்னதே இல்லை.

ராடு ஏன் சிதறுகிறது என்று கேட்டார். அவள் அவருடைய பாக்கெட்டைப் பிரித்து, ராடுகளை வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். நமுத்த அப்பளம் பொரியுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கரன்ட் அளவு சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அவரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னாள். பின்னால் அவள் வெல்டிங் வைத்தாள். முதலில் படபடவென்று வெடித்தது. பிறகு முனகியது. மூன்றாவது முறை வாணலியில் வடை வேகிற சத்தம் சீராக வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டாள்.

மெல்லிய பைப்பைக் கனத்த தகட்டோடு ஒட்டினால் ஏன் பைப்பில் ஓட்டை விழுகிறது, தகட்டில் ஏன் பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு மத்தியானம் கேட்டார். சாப்பாட்டு நேரம். அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, வெயிலில் மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்த ஆளுக்கு முதலில் நான்கு கரண்டி வைத்தாள். தனிஸ்லாஸுக்கு இரண்டு.

அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போய், நெருப்பைத் தகட்டின் பக்கம் அதிகம் நிறுத்தி, பைப்பின் பக்கம் தொட்டுத் தொட்டு எடுத்தார். பிடித்தது. ஓட்டையும் விழவில்லை.

அன்று நோட்டுப் புத்தகத்தில் 'பசிக்கிறவனுக்கு முதலில்' என்று எழுதிக்கொண்டார். அதை அவரே படித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது.

*

ஒருநாள் பழைய பீப்பாய் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதியாக வெட்டி அடுப்பு செய்யலாம் என்று திட்டம். வாசலில் இறக்கி, இரும்பறுக்கும் கிரைண்டரை எடுத்து, சக்கரத்தை அதன் வயிற்றில் வைக்கப் போனார்.

கோகிலவாணி எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டாள். கிரைண்டர் தரையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பிளக் பிடுங்கிக்கொண்டு நின்றது.

ஓர் அரசுப் பள்ளியில் உதவித் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவரை யாரும் கையில் அடித்ததில்லை. அவர் திகைத்து நின்றார்.

இதில் என்ன இருந்தது என்று கேட்டாள். தெரியாது, காலி பீப்பாய் என்றுதான் கொடுத்தான் என்றார்.

அவள் உள்ளே போய் பெயிண்ட் கரைக்கும் தின்னர் டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். அவர் கையில் கொடுத்தாள். கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை, வாசனைதான் அடித்தது. காலி என்றார். மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, மூடி, பின்பக்கப் பொட்டலின் நடுவில் வைத்தாள். எல்லோரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னாள். நீளமான குழாயின் முனையில் துணியைச் சுற்றிக் கொளுத்தி, தானும் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஓட்டைக்கு அருகே நீட்டினாள்.

மூடி போனதை யாரும் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. பிறகு பட்டறைக் கூரைத் தகரத்தில் ஓர் அடி விழுந்தது. அதற்கும் பிறகு, வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

தனிஸ்லாஸ் பீப்பாயைப் பார்த்தார். டப்பாவைப் போல இருநூறு மடங்கு இருக்கும். கணக்கு வாத்தியாரால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. போட்டதும் பீப்பாயிலிருந்து இரண்டடி விலகினார்.

பீப்பாயை அந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினார். அன்று நோட்டில் எதுவும் எழுதவில்லை.

*

ஏழு மாதம் ஆயிற்று. அவர் ஒட்டியதை அவள் வைஸில் மாட்டி அடித்தாலும் வளைந்ததே தவிர உடையவில்லை. வளைந்ததைக் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் போனாள். அதுதான் பாராட்டு என்று ரெங்கராஜ் விளக்கினார்.

அப்போதுதான் மாடிக் கம்பி வேலை வந்தது.

காட்டூரில் அவர் வீட்டு மொட்டைமாடியின் தெருப்பக்கக் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டிருந்தது. அதை இடித்துவிட்டு இரும்புக் கம்பி வேலி போட வேண்டும். மே மாத விடுமுறைக்கு ஜெசிந்தா இரண்டு பெண் குழந்தைகளோடு வருகிறாள். ஐந்து வயதும் மூன்று வயதும். ஓசூர் அடுக்குமாடியில் அவர்களுக்கு ஓடுவதற்கு இடமில்லை. தாத்தா வீட்டு மாடியைப் பற்றித்தான் போனில் பேச்செல்லாம்.

வேறு கைகளிடம் விட அவருக்கு மனமில்லை. தனியாகச் செய்கிறேன், முடிந்ததும் வந்து பாருங்கள் என்றார். கோகிலவாணி தலையசைத்தாள்.

பதினோரு கம்பங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எட்டு மில்லி தகடு, தரையில் போல்ட் போட்டு இறுக்கியது. பத்துக் கம்பங்களை ஆறு நாளில் முடித்தார். ஒவ்வொன்றையும் தேய்த்து வெள்ளியாக்கி, நான்கு பக்கமும் சிறு ஒட்டுப் புள்ளி வைத்து, நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு நூல் பிடித்துப் பார்த்து, பிறகே முழுதாக ஒட்டினார். கைக்கு வேலை பிடிபட்டுவிட்ட சுகத்தில் பாட்டுக்கூட வந்தது.

மூலைக் கம்பத்துக்கு வரும்போது தூறல் விழுந்தது.

ராடு பாக்கெட் திறந்து கிடந்திருந்தது. சாயங்காலம் வேறு, தெருவெங்கும் ஏ.சி. ஓடும் நேரம். கரன்ட் இறங்கி, மிஷின் முனகியது. வடை வேகிற சத்தம் வரவில்லை. ராடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கினார். மறுபடி வைத்தார். சிதறியது. நான்கு ராடு தீர்ந்தன. ஆட்டிப் பார்த்தார். பிடித்துக்கொண்டது மாதிரிதான் இருந்தது.

நாளைக்கு அறுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம் என்று இறங்கி வந்தார். மறுநாள் மேல்கம்பியும் நெருக்கமான இடைக்கம்பிகளும் பொருத்தும் வேலை இருந்தது. அதற்கு மறுநாள் பட்டி தடவி, தேய்த்து, பச்சை பெயிண்ட் அடித்தார். எது ஒட்டு, எது பைப் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வழவழவென்று வந்தது. கீழே தெருவில் நின்று பார்த்தபோது கடையில் வாங்கியதுபோல இருந்தது. எதிர்வீட்டுக்காரர் யாரிடம் கொடுத்துச் செய்தீர்கள் என்று கேட்டார்.

நானே செய்தது என்று சொல்லும்போது தனிஸ்லாஸின் குரல் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது.

*

சனிக்கிழமை காலை ஜெசிந்தா வந்து இறங்கினாள். குழந்தைகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படிக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது.

பெயிண்ட் இன்னும் காயவில்லை என்றார் தனிஸ்லாஸ்.

பெயிண்ட் அடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சித்திரை வெயில். காயவில்லை என்று சொல்லும்போது அவருக்கே அது பொய்யாகத் தோன்றவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்குக் கோகிலவாணி மொபெட்டில் வந்தாள். கிரைண்டரும் சுத்தியலும் இருந்த பை எப்போதும் போலத் தோளில் இருந்தது. அவர் கதவைத் திறந்து அவளை மேலே அழைத்துப்போய், திரும்பக் கதவைச் சாத்தினார்.

அவள் மேல்கம்பியில் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தாள்.

"பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கீங்க சார்" என்றாள்.

ஏழு மாதத்தில் முதல் முறை. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

அவள் முதல் கம்பத்தருகே நின்றாள். தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கம்பியில் இடுப்பைச் சாய்த்து, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, பாரம் முழுவதையும் பின்னால் கொடுத்தாள். குதிகால் தரையை விட்டு எழுந்தது.

கீழே இருபதடி. காங்க்ரீட் ரோடு.

கம்பி அசையவில்லை. அவள் இறங்கி, இரண்டாவது கம்பத்துக்குப் போனாள். அங்கேயும் அப்படியே சாய்ந்தாள். சாய்ந்தபடியே பைப் எங்கே வாங்கினீர்கள், போல்ட் எத்தனை அங்குலம் என்று சும்மா பேச்சுக் கொடுத்தாள். அவர் சொல்லிக்கொண்டே கூடவே நடந்தார். மூன்றாவது, நான்காவது. ஒட்டு ஒவ்வொன்றும் மலைபோல நின்றது. பேச்சு அவருக்குச் சரளமாக வந்தது. தூக்குக் குண்டு நூல் பிடித்த கதையை ஆறாவது கம்பத்தில் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் கேட்டதை ஏழாவதில் சொன்னார்.

எட்டாவதில் பேச்சு குறைந்தது.

ஒன்பதாவதில் அவள் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பத்தாவதில் அவர் நின்றுவிட்டார். அவள் மட்டும் நடந்தாள். மூலைக்கு வந்து, திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"அங்கே வேண்டாம்."

தன் குரல்தான் என்று அவருக்கு உடனே தெரியவில்லை. அவர் எப்போது ஓடினார் என்றும் தெரியவில்லை. அவளுடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, மாடியின் நடுவுக்கு இழுத்து வந்திருந்தார்.

கோகிலவாணி தன் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பெயிண்ட் காயலையா சார்?"

அவர் கையை விட்டார்.

"காஞ்சிருச்சு" என்றார் கடைசியில்.

அவள் பையிலிருந்து சுத்தியலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

முதல் அடிக்குக் கம்பம் அப்படியே நின்றது. அந்த நொடியில் அவருக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. பார்த்தீர்களா என்று சொல்ல நாக்கு புரண்டது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவருக்கே உடம்பு கூசியது.

இரண்டாவது அடிக்குப் பச்சைப் பெயிண்ட் கீறியது. உள்ளே வெள்ளையாகப் பட்டி தெரிந்தது.

மூன்றாவது அடி. கம்பம் தகட்டை விட்டுத் துள்ளிப் பிரிந்தது. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடும் பல்லைப் போலத் தெருப்பக்கம் தொங்கியது. மூலையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி திறந்தது.

ஒரு குழந்தைக்கு அதில் பாதி போதும்.

அவர் தகட்டைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், வாங்கி வந்த அன்று இருந்தபடியே வழவழவென்று இருந்தது. நெருப்பு அதைத் தொடக்கூட இல்லை.

சுத்தியல் கையிலிருந்து நழுவியது. தனிஸ்லாஸ் சுடும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

*

அவர் அந்தத் தகட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"பட்டி வச்சு, தேச்சு, பெயிண்ட் எல்லாம் அடிச்சிருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் கம்பியைப் பார்க்கலை சார். உங்களைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்."

இப்படிப் பார்க்க யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். கேட்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கேட்ட கேள்வி இல்லை அது. தகட்டிலிருந்து கண்ணை எடுக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது.

அவள் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்தபடி சொன்னாள்.

அவளுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்தது ரெங்கராஜ். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து. பட்டறையில் ஆள் இல்லை, இவள் கை நன்றாக இருக்கிறது என்று அவரே உட்கார்த்தி வைத்துக் கற்றுக்கொடுத்தார். மூன்று வருஷத்தில் அவரைவிட நன்றாக வைக்கிறாள் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவார். அப்போது ஒருநாள் பட்டறைக்கென்று ஓர் இரும்பு ஏணி செய்தாள். பதினான்கு படிகள். பதினோராவது படியில் கரன்ட் இறங்கிவிட்டது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், போக வேண்டும். மேலோட்டமாக ஓர் இழுப்பு இழுத்து, கிரைண்டரால் மழித்து, அலுமினியம் பெயிண்ட் அடித்துவிட்டாள்.

நாளைக்குத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

தனிஸ்லாஸ் நிமிர்ந்தார்.

"அவரு வாசல்ல போர்டு மாட்ட ஏறினாரு. நான் உள்ளே வேலையா இருந்தேன். சத்தம் கேட்டுச்சு." அவள் பார்வை தெருவிலேயே இருந்தது. "நான் எழுந்து ஓடறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார், எந்தப் படின்னு."

கீழே தெருவில் யாரோ மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்கள். சத்தம் தேய்ந்து போயிற்று.

மடங்காத அந்தக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனிஸ்லாஸ் ஏழு மாதம் டீ குடித்திருக்கிறார். கால் எப்படி ஆயிற்று என்று ஒருமுறை கேட்டும் இருக்கிறார். ரெங்கராஜ் சிரித்துக்கொண்டே, ஏணி வழுக்கிவிட்டது என்றார்.

"அவருக்கு இது தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் எங்கிட்ட சொன்ன முதல் பேச்சு, ஏணி வழுக்கிடுச்சு கோகிலான்னுதான். பத்து வருஷமா கேட்கிறவங்க எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றாரு. நானும் உண்மையைச் சொல்லாம பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பழைய தீப்பொறித் தழும்புகள் புள்ளி புள்ளியாக இருந்தன.

"வழுக்கின ஏணியில படி பிரியாது சார். அது அவருக்குத் தெரியாதா? அவருதானே எனக்கு வெல்டிங் சொல்லிக்குடுத்தவரு."

தனிஸ்லாஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் எழுந்தாள். கிரைண்டரை வெளியே எடுத்து, கட்டிங் சக்கரத்தைச் சரிபார்த்து, பிளக்கைச் செருகினாள். தொங்கும் கம்பத்தை மேல்கம்பியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டும்.

அப்போது மாடிக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. படியிலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள். பெயிண்ட் காய்ந்துவிட்டதா, இதுகள் இரண்டும் உயிரை வாங்குகின்றன, ஐந்து நிமிஷம் மேலே விடலாமா என்று கேட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நான்கு சின்னக் கால்கள் குதிக்கும் ஓசை.

காயவில்லை என்ற சொல் தனிஸ்லாஸின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சொல். மத்தியானத்துக்குள் கம்பத்தைத் திரும்ப ஒட்டிவிடலாம். சாயங்காலத்துக்குள் பெயிண்ட். யாருக்கும் தெரியப் போவதில்லை.

அவர் தரையில் கையூன்றி எழுந்து, போய், கதவைத் தன் உடம்பு அளவுக்குத் திறந்தார்.

"காஞ்சு ரெண்டு நாளாச்சு ஜெசி. மூலைக் கம்பத்தை நான் சரியா ஒட்டலை. தெரிஞ்சேதான் பட்டி வச்சு மூடினேன்."

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பச்சைக் கம்பம் தெருவின் மேல் தொங்கியது தெரிந்தது. அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. மறு கையால் குழந்தைகளைத் தன் கால்களோடு சேர்த்துப் பிடித்தாள்.

திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார்.

அவள் குழந்தைகளைக் கீழே கொண்டுபோய் டி.வி. முன்னால் உட்கார்த்திவிட்டு, தனியாக மேலே வந்தாள். மூலைக்குப் போனாள். சாம்பல் நிறத் தகட்டைக் குனிந்து பார்த்தாள். கீழே ரோட்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. திரும்பி வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற எது எதுப்பா?" என்றாள்.

"வேற இல்லம்மா. இது ஒண்ணுதான்."

"சரி. எல்லாத்தையும் தட்டிப் பார்த்துடலாம். நான் பிடிச்சுக்கிறேன்."

அவ்வளவுதான். கீழே விழுந்து கிடந்த சுத்தியலை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, முதல் கம்பத்தை நோக்கி நடந்தாள்.

கிரைண்டர் இன்னும் ஓடவில்லை என்பதை அப்போதுதான் தனிஸ்லாஸ் கவனித்தார். திரும்பினார்.

கோகிலவாணி அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. அவள் பார்வை அப்பா மேலிருந்து மகள் மேல் போனது. மகள் மேலிருந்து மறுபடி அப்பா மேல் வந்தது. உலையில் கை வைத்துவிட்டவளைப் போல இருந்தது அந்த முகம்.

கிரைண்டரை மெல்லத் தரையில் வைத்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மொபெட் சாவியைத் தேடி எடுத்தாள்.

"மாஸ்டர், இதை யாரு அறுக்கிறது?"

"நீங்கதான் சார்" என்றாள் கோகிலவாணி. அவள் அதற்குள் படி இறங்கத் தொடங்கியிருந்தாள். "நான் அவரைப் பார்க்கணும்."